பாத்துக்கலாமுங்க

பல்லடம் ரோட்டுப் பொறியியல் கல்லூரி, பட்டறைக் கூடம்.
கம்பி வலைக்கு இந்தப் பக்கம்
பிளாஸ்டிக் நாற்காலி, பதினேழு சி படிவம்,
மூடி தொலைந்த நீலப் பேனா.
செல்போனை வாசலிலேயே வாங்கிக்கொண்டார்கள்.
நான் ஆளுங்கட்சி ஏஜெண்ட்,
ஒன்பதாவது மேசை.

ஐந்தாம் சுற்று வரை
"அது அவங்க ஏரியா" என்று சொல்லிக்கொண்டோம்.
ஏழாம் சுற்றில்
அப்படிச் சொல்ல ஏரியா மிச்சமில்லை.
பக்கத்து மேசைத் திருமூர்த்தி எழுதுவதை நிறுத்திவிட்டு
பிஸ்கட் பாக்கெட்டின் பின்பக்கத்தைப்
படித்துக்கொண்டிருந்தான்.

எண் வாசிக்கும் அம்மாளுக்கு
எங்கள்மேல் ஒரு கோபமும் இல்லை.
சீல் காட்டுகிறாள். பட்டனை அமுக்குகிறாள்.
நூற்றுப் பதினாறு: நாற்பத்தொன்று.
நாற்பத்தொன்றா?
அந்த வீதியில் முந்நூறு கவர்
என் கையாலேயே கொடுத்தேன்.

வாங்கிக்கொண்டார்கள், இரண்டு கையாலும்.
"உள்ள வாங்க, மோர் குடிச்சுட்டுப் போங்க."
நமக்குத்தானே அக்கா?
"பாத்துக்கலாமுங்க."
தறி ஓடியிருந்தால்
காதில் விழவில்லை என்று சொல்லித் தப்பிக்கலாம்.
ஓடவில்லை.
தெளிவாகத்தான் கேட்டது.

இந்த 'ங்க' இருக்கிறதே,
எங்கள் ஊரில் திட்டும்போதும் வரும்.
வாசற்படி மாதிரி:
உள்ளே கூப்பிடவும்
வெளியே நிறுத்தவும்
அதே படிதான்.

நூற்றுப் பதினேழு.
குழாய் பதிக்கத் தோண்டி
பதினோரு மாதம் மூடாத வீதி.
ராமாத்தாள் அக்காவுக்கு இடுப்பு உடைந்தது அங்கேதான்.
ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பார்த்தேன்,
அரை டஜன் ஆரஞ்சோடும்
ஒரு போட்டோகிராபரோடும்.

நூற்றுப் பதினெட்டு.
மகன் பேரில் மொபெட் ஒன்று இருப்பதாகச் சொல்லிக்
கருப்பாத்தாளுக்கு முதியோர் பணம் நின்றது.
மனு என்னிடம்தான் கொடுத்தாள்.

நூற்றுப் பத்தொன்பது, தறிக்காரர்கள்.
கூலிப் பேச்சுவார்த்தை அடுத்த வியாழன் என்றோம்.
பிறகு அதற்கடுத்த வியாழன்.
எட்டுத் தறி வைத்திருந்த நாச்சிமுத்து
நாலைப் பழைய இரும்புக்கு எடை போட்டான்.
தராசு பிடித்தவர்
எங்கள் வட்டச் செயலாளரின் மச்சான்.

நூற்றிருபதுக்கு மட்டும்
காரணம் எனக்குப் பிடிபடவில்லை.
சாக்கடை கட்டினோம், விளக்குப் போட்டோம்,
தலைவர் படத்தோடு நிழற்குடை வைத்தோம்.
பஸ்தான் அங்கே நிற்பதில்லை.

இன்றைக்கு ராத்திரி டிவியில் அலை என்பார்கள்.
கொங்கில் கடல் ஏது?
இது கிணற்று மட்டம்.
தினமும் அரைச் சாண் இறங்கும்,
யாரும் எட்டிப் பார்ப்பதில்லை.
மோட்டார் காற்றை இழுத்து அலறுகிற அன்றைக்கு
எல்லோரும் ஓடிவந்து
மோட்டாரைத் திட்டுவோம்.

நூற்று இருபத்தொன்று.
என் வாக்குச்சாவடி.
பூத் கமிட்டியில் முப்பது பேர், எல்லாருக்கும் அடையாள அட்டை,
எல்லாருக்கும் பிரியாணி டோக்கன்.
அம்மாள் வாசித்தாள்: இருபத்தெட்டு.
மறுபடி வாசிக்கச் சொன்னேன்.
முகம் சுளிக்காமல் வாசித்தாள்: இருபத்தெட்டு.
கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.

வெளியே அவர்கள் வெடி வைக்க ஆரம்பித்திருந்தார்கள்.
வியர்வை துடைக்கத் துணி தேடி
வண்டிப் பெட்டியைத் திறந்தேன்.
கருப்பாத்தாளின் மனு,
மழையில் நனைந்து காய்ந்து
அப்பளம் மாதிரி.
அடியில் அவள் கைநாட்டு மட்டும்
அழியாமல் இருந்தது.

வட்டச் செயலாளர் கூப்பிட்டார்.
மற்ற பூத்தெல்லாம் போகட்டும்,
கமிட்டிக்குள்ளேயே துரோகமா,
அந்த ரெண்டு பேர் யாரென்று
சாயங்காலத்துக்குள் தெரிந்தாகணும் என்றார்.

ஒருவனை எனக்குத் தெரியும்.
இன்னொருவர் யாரென்று நிஜமாகவே தெரியாது.
மனுவை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு
"பாத்துக்கலாமுங்க" என்றேன்.